முதல் வண்டியில் கடைசி இருக்கை

காலை பத்து இருபதுக்குச் சேதி வந்தது. சலவைக் கடையின் பின்னறையில் அவள் ஒரு ஹோட்டலின் மேஜை விரிப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பாதி விரிப்பு காய்ந்திருந்தது, பாதி ஈரமாக இருந்தது. அந்த நிலையில் விட்டுப் போனால் நடுவில் ஒரு கோடு விழுந்துவிடும், பிறகு எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் போகாது. அதனால் போன் அடித்து ஓயட்டும் என்று விட்டாள். மறுபடி அடித்தபோது முன்னறையிலிருந்து முதலாளியம்மா, "எடுத்துத் தொலையேன்மா, காது வலிக்குது" என்றாள்.

பேசியது விசில். பார்க்கில் ரோலர் கோஸ்டரின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து வண்டியை அனுப்புகிறவன். அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் விசில் ஊதுவதால் அந்தப் பேர் வந்தது.

"அண்ணி, அண்ணனுக்குக் கொஞ்சம் தலை சுத்திடுச்சு."

அவளுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அந்த வீட்டில் தலை சுற்றுவது ஒரு சேதியா? பதினேழு வருஷமாகத் தலை சுற்றித்தானே அந்த மனுஷன் சம்பளம் வாங்குகிறார்.

"இதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க? வண்டியிலயா, கீழயா?"

அந்தப் பக்கம் பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் மட்டும் மேலே ஏறி இறங்கியது.

"கீழதான் அண்ணி."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். வண்டியில் என்றால் பயமில்லை, வண்டியில் யாருக்கும் சுற்றும். கீழே என்றதுமே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மீதியை விசில் சொல்லியிருக்கவே வேண்டாம். ஆனாலும் சொன்னான், அழுதுகொண்டே, நடுநடுவே "அண்ணி, கேக்குறீங்களா?" என்று. அவள் ஒவ்வொரு தடவையும் "கேக்குறேன், சொல்லு" என்றாள்.

*

அவரைப் பார்க்கில் எல்லோரும் "முதல் வண்டி" என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே சேருவதற்கு முன்னால் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ராத்திரிவரை மேலே, கீழே. உள்ளே ஏறுகிறவர்கள் மாடி எண்ணைச் சொல்வார்கள், அதற்குமேல் அவரிடம் யாரும் எதுவும் பேசியதில்லை. கல்யாணமான புதிதில் அவள் ஒருநாள் அந்தக் கடைக்குப் போய் லிஃப்ட்டில் ஏறி, "மூணாவது மாடி" என்றாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொத்தானை அழுத்தினார். மூன்றாவது மாடி வந்த பிறகுதான், "ஏய், நீயா?" என்றார். வெகுநாள் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

பார்க் திறந்தபோது லிஃப்ட் தெரிந்த ஆள் என்று அவரை எடுத்துக்கொண்டார்கள். கோஸ்டருக்கு ஒரு விதி உண்டு. தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் வண்டி ஒருமுறை வெறுமையாகப் போய்வர வேண்டும். அடுத்து, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளோடு ஒருமுறை. அதற்கப்புறம் ஒரு மனுஷன் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும். கடைசி இருக்கையில்தான் குலுக்கல் அதிகம், ஏதாவது கோளாறு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். "யாருப்பா ஏறுறீங்க?" என்று இன்ஜினியர் கேட்டபோது, டிப்ளமா படித்த பையன்கள் எல்லோரும் தங்கள் ஷூவைப் பார்த்தார்களாம். லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார். வாழ்க்கையில் அவர் தானாகக் கையைத் தூக்கியது அதுதான் முதல்முறை என்று அவரே சொல்வார்.

அந்தக் கையே பிறகு விதியாகிவிட்டது. வண்டி சுற்றி முடித்து பிரேக் பிடித்து நின்றதும் அவர் வலது கையை உயர்த்த வேண்டும். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கையைப் பார்த்த பிறகுதான் விசில் வாசல் கதவைத் திறப்பான். கை எழும்பவில்லையென்றால் அன்றைக்கு வண்டி கிடையாது.

முதல் பெரிய பள்ளத்தில் வண்டி சரிந்து அடியில் வளைந்து மேலே திரும்பும் இடத்தில், உட்கார்ந்திருப்பவரின் எடை நாலு மடங்காகும். கை கனக்கும், கன்னம் தொங்கும். ரத்தமும் கனத்துப்போய்க் காலுக்கு இறங்கிவிடும், தலைக்குப் போக வேண்டியது போகாது. அப்போது முதலில் நிறம் போகும். பிடித்திருக்கிற சிவப்புக் கம்பி சாம்பல் நிறமாகும். பிறகு பார்வையின் ஓரங்கள் கறுத்து, நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் மிஞ்சும். வண்டி மேலே ஏறியதும் எல்லாம் திரும்பி வந்துவிடும். பார்க் ஆட்கள் அதற்குத் "திரை" என்று பேர் வைத்திருந்தார்கள். "என்ன முதல் வண்டி, இன்னைக்குத் திரை இறங்குச்சா?" என்பது அவர்களுடைய காலை வணக்கம்.

திரைக்கு ஒரு மருந்தும் இருந்தது. பள்ளம் வருவதற்கு முன்பே தொடையையும் வயிற்றையும் கல் மாதிரி இறுக்கிக்கொண்டு, மூச்சை "ஹக், ஹக்" என்று துண்டு துண்டாக விட வேண்டும். அப்படிச் செய்தால் ரத்தம் கீழே ஓடாது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய்து காட்டுவார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, பார்ப்பதற்கு மலச்சிக்கல் வந்தவர் மாதிரி இருக்கும். அவருடைய அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். "உன்னைக் கட்டிக்கிட்ட அன்னைக்கே என் தம்பிக்குத் தலை சுத்திடுச்சும்மா. இந்த வித்தையை அன்னைக்கே கத்துக்கிட்டிருந்தா தப்பிச்சிருப்பான்" என்பாள். சிரிப்பவர்களோடு அவளும் சிரித்திருக்கிறாள்.

ஒருமுறை கை எழும்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், காய்ச்சலோடு போய் ஏறியிருக்கிறார். இறங்கிய திரை திரும்பத் தூக்கவில்லை. வண்டி வந்து நின்றபோது தலை தொங்கிக்கிடந்தது. விதிப்படி வண்டியை மூடினார்கள். வாசலில் பிள்ளைகள் அழுதார்கள், அப்பாக்கள் சண்டை போட்டார்கள், மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரைக் கழுவிக் கழுவி ஊற்றினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இனிமே உயிர் போனாலும் கை தூக்கும்டி. என் தலையைக் கேட்டுத் தூக்காது, அதுபாட்டுக்குத் தூக்கும்" என்றார். சொன்னபடியே பழக்கினார். சாப்பிட்டு எழுந்தால் கை உயரும். தூக்கத்தில் "என்னங்க?" என்று உலுக்கினால் கை உயரும். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது "அப்பா, காசு குடு" என்று கேட்டாலும் கைதான் உயரும். அவள் கோபித்துக்கொண்டு போவாள்.

*

ஊழியர் குடும்பங்களை இலவசமாக அனுமதித்த ஒரு நாளில் அவளையும் கடைசி இருக்கையில் ஏற்றினார். பள்ளம் வந்ததும் காதுக்குள், "வயித்தை இறுக்கு! இறுக்குடி!" என்று கத்தினார். அவள் எங்கே இறுக்குவது? அவளுக்கும் நிறம் போயிற்று, ஓரம் கறுத்தது, வட்டம் சுருங்கியது. இறங்கி வந்து ஒரு செடித்தொட்டிக்குள் வாந்தி எடுத்தாள்.

அவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அவளை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளையிடம் கேட்பது போல ஆசையாகக் கேட்டார்.

"திரை இறங்குச்சுல்ல? அப்ப உள்ள உனக்கு என்ன இருந்துச்சு?"

"கேஸை மூடினேனா இல்லையான்னு இருந்துச்சு."

அவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு, "எனக்கு ஒண்ணுமே இருக்காது" என்றார். "வீடு, கடன், நீ, பாப்பா, யாருமே இருக்க மாட்டீங்க. சுத்தமா துடைச்சுவிட்ட மாதிரி. ரெண்டு நொடிதான். எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா?"

அவர் அதை ஒரு பரிசைப் பிரித்துக் காட்டுவது போலத்தான் சொன்னார். அது யார் மேல் போய் விழுகிறது என்று பார்க்கவில்லை. அவளும் அப்போது வாயைத் துடைத்துக்கொண்டதோடு சரி. ஆனால் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் அவர் செருப்பை மாட்டும்போது அவளுக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வரும். நான் இல்லாத இடத்துக்குக் கிளம்பிவிட்டார் என்று தோன்றும். குடித்துவிட்டு வருகிறவனின் பெண்டாட்டி பாட்டிலை ஒளித்துவைக்கலாம். இவள் எதை ஒளிப்பாள்?

போன வருஷத்திலிருந்து திரை கீழேயும் இறங்க ஆரம்பித்தது. ஒருநாள் மாடிப்படியில் நின்றுவிட்டார். ஒருநாள் அடுப்படியில் பால் பாத்திரத்தைப் பிடித்தபடியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. தொடையை இறுக்கிக்கொண்டு "ஹக், ஹக்" என்றார். அவள் ஓடிவந்து, "என்னங்க, என்ன செய்யுது?" என்று கேட்டதும் கை மேலே போனது.

"வண்டியில இருக்குறது வீட்டுக்கும் வருது, அவ்வளவுதான். கப்பல்ல போறவனுக்குத் தரை ஆடுற மாதிரி."

பார்க்கில் கேட்டால் அவர்களும் அதையேதான் சொல்வார்கள். திரை தெரியாத ஊரில் ஒரு மனுஷன் சுவரோடு சரிந்தால் நாலு பேர் பதறித் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே எல்லோருக்கும் திரை தெரிந்திருந்தது.

இழுத்துக்கொண்டுதான் டாக்டரிடம் போனாள். சின்ன அறை, இரண்டு நாற்காலி. ஒன்றில் டாக்டர், ஒன்றில் அவர்.

"எப்பெல்லாம் சுத்துது?"

"வண்டியில சார். பள்ளத்துல மட்டும்."

"வீட்டிலயும் வருது டாக்டர்" என்றாள் அவள். "போன வாரம் பால் பாத்திரத்தோட கீழ உக்காந்துட்டார்."

"இவ பால் விலையைச் சொன்னா சார். கேட்டா நீங்களும் உக்காந்துருவீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் பேச்சு கோஸ்டருக்குப் போயிற்று. டாக்டருடைய மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறானாம், இவருக்குத்தான் பயமாம். நாலு மடங்கு எடை என்கிறார்களே, நிஜமா? அவ்வளவுதான், அவருக்கு உயிர் வந்துவிட்டது. தொடையை இப்படி, வயிற்றை இப்படி, மூச்சை இப்படி. டாக்டரும் செய்து பார்த்தார். இரண்டு ஆண்பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து முகம் சிவக்க "ஹக், ஹக்" என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கதவோரம் நின்று பார்த்தாள்.

கிளம்பும்போது டாக்டர் பேச்சுவாக்கில் மறுபடி நாடியைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை. சிரிப்பு போய்விட்டது. நாடி விட்டுவிட்டு அடிக்கிறது என்றார். ஒரு நாள் முழுக்க நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும், அதுவரைக்கும் வண்டி வேண்டாம் என்றார். "சரி சார்" என்றார் அவர். மறுநாள் காலையில் போய் ஏறினார்.

"ஒரு வார்த்தை அங்க சொன்னா என்னங்க? வேற வேலை தர மாட்டாங்களா?"

"தருவாங்க. கார் நிறுத்துற இடத்துல கொடியை ஆட்டிக்கிட்டு நிக்கச் சொல்லுவாங்க."

"நின்னா என்ன?"

"நின்னா அப்புறம் நான் யாரு?"

அவள் அவருக்குத் தெரியாமல் விசிலுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "அண்ணி, நான் போய்ச் சொன்னா அண்ணன் என் மூஞ்சியில முழிக்க மாட்டார்" என்றான் விசில். அன்றைக்கே அவரிடம் போய், "அண்ணி பயந்துக்கிட்டுப் போன் பண்ணுச்சுண்ணே" என்று சொல்லியும்விட்டான். இரண்டு வாரம் அவர் அவளோடு பேசவில்லை.

மெஷின் மாட்டுகிற நாள் மூன்று முறை தள்ளிப்போயிற்று. ஒருமுறை பள்ளி விடுமுறைக் கூட்டம். ஒருமுறை இன்ஜினியர் லீவு. மூன்றாவது முறை, மெஷினோடு வண்டியில் ஏறக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னதால். கல்யாணமாகி வெளியூரில் இருக்கிற மகள் போனில் கத்துவாள். அவர், "பார்க்கலாம்மா, பார்க்கலாம்" என்பார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் மட்டும் உடம்பெல்லாம் எரியும். ஒழுகுகிற குழாய்க்கும் பார்க்கலாம், மகள் கல்யாணத்துக்கும் பார்க்கலாம், சொந்த நெஞ்சுக்கும் பார்க்கலாம்.

நாலாவது தடவையாகச் செவ்வாய்க்கிழமை என்று குறித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை போறீங்கதானே?"

"பார்க்கலாம்."

அவள் கையிலிருந்த துணியைக் கட்டிலில் விட்டெறிந்தாள். "நீங்க போக மாட்டீங்க. எனக்குத் தெரியும். உங்களுக்கு அந்தத் திரைதான் வேணும். அங்க நான் இல்ல, உங்க பொண்ணு இல்ல, நிம்மதி. ஒரேடியா அங்கயே இருந்துக்கங்க."

அவள் எதைச் சொல்கிறாள் என்று அவருக்குப் புரிந்த மாதிரியே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது அவருக்கு என்றைக்கோ மறந்துபோயிருந்தது. அவளுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

*

திங்கட்கிழமை காலை நடந்ததை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வைத்து விசில் சொன்னான். அண்ணன் வழக்கம்போல ஏறினார், வழக்கம்போல வந்தார், கை உயர்ந்தது, கதவைத் திறந்தாயிற்று. இறங்கிப்போய்க் குழாயடிப் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்சம் சாய்ந்தாற்போல இருந்தது. கண்ணாடிக்குள் இருந்தபடியே, "அண்ணே, என்ன?" என்று சைகையில் கேட்டான். கை உயர்ந்தது. அந்தப் பக்கமாகப் போன மெக்கானிக்கும், "என்ன முதல் வண்டி, திரை இன்னும் தூக்கலையா?" என்று கேட்டிருக்கிறான். அவனுக்கும் கை உயர்ந்தது. முன்னளவுக்கு இல்லை, இருந்தாலும் உயர்ந்தது.

"நல்லா இருக்கேன்னு சொல்றார்னுதான் அண்ணி நினைச்சோம். அந்தக் கையைப் பார்த்துத்தானே நாங்க தினமும் கதவையே திறக்குறோம்."

ஒரு பள்ளிக்கூடப் பேருந்து வந்துவிட்டது. அப்புறம் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து பெஞ்சிலிருந்தவரிடம் கழிவறை எங்கே என்று கேட்டிருக்கிறாள். பதில் இல்லை. திரும்பக் கேட்டிருக்கிறாள். பிறகு கோபமாகக் கண்ணாடி அறைக்கே வந்து, "உங்க ஆளுக்கு ஜனங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு சொல்லித்தர மாட்டீங்களா?" என்று சண்டை போட்டாள். அப்போதுதான் விசில் எழுந்து போனான்.

"வண்டியை நிறுத்தினீங்களா?" என்று கேட்டாள் அவள்.

விசில் தரையைப் பார்த்தான். "கூட்டமா இருந்துச்சு அண்ணி."

மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கை. கடையில் போட்ட இஸ்திரி என்று அவள் கண்ணுக்குத் தானாகத் தெரிந்தது. குனிந்து, மெதுவான குரலில், "வண்டியில ஒண்ணும் ஆகலம்மா. அது மட்டும் நீங்க தெரிஞ்சுக்கணும். வண்டி நல்லா ஓடுச்சு. கீழ வந்துதான்…" என்றார். கொஞ்சம் தள்ளி நின்ற மகளின் மாமனாரிடமும் போய் அதையே சொன்னார். யார் வந்தாலும் சொன்னார். துக்கம் கேட்க வந்த மாதிரியே இல்லை, தண்டவாளத்துக்கு நற்சான்று கொடுக்க வந்த மாதிரி இருந்தது.

"கீழ ஆனதுல உங்களுக்கு நிம்மதிதானே சார்?" என்றாள் அவள்.

அவர் காதில் விழாதது போல வாட்சைப் பார்த்தார். போகும்போது திரும்பி வந்து, "யூனிஃபார்ம் எல்லாம் நிதானமா அனுப்பினா போதும்மா. அவசரமே இல்ல" என்றார்.

அதனால்தான் அவள் வீட்டிலிருந்து ஒரு சட்டை கொண்டுவரச் சொன்னாள். பார்க் சட்டையோடு அவரைக் கொண்டுபோக அவளுக்கு மனசில்லை. உள்ளறையில் ஒரு ஆயா மட்டும் இருந்தாள். "நான் மாத்திவிடட்டுமாம்மா?" என்றாள். "வேண்டாம், நானே செய்றேன்" என்றாள் அவள். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் சட்டைகளைத் தொட்டவள். டாக்டர்கள் திறந்து பார்த்த சட்டைக்கு யாரோ அவசரத்தில் பொத்தான் போட்டிருந்தார்கள். ஒன்று மாறி ஒன்று, கீழே ஒரு நுனி நீண்டு தொங்கியது. அவளுக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மெஷினை ஒட்டுகிற இடத்தில் முடி இருக்கக் கூடாது, நெஞ்சு முழுவதையும் மழித்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று கிளினிக்கிலிருந்து ஒரு பெண் போனில் சொல்லியிருந்தாள். அதே திங்கட்கிழமை காலையில் அவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டதென்று அவள் கதவைப் படபடவென்று தட்டி, "உள்ள குடித்தனமா நடத்துறீங்க? நான் வேலைக்குப் போக வேண்டாமா?" என்று கத்தினாள். அவர் துண்டை நெஞ்சில் போர்த்திக்கொண்டு, "போ, போய்க் குளி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நெஞ்சில் இடது பக்கம் சுத்தமாக மழித்திருந்தது. வலது பக்கம் தொடவே இல்லை.